குடியானவரும் கடவுச்சொல்லும்

நிலமுடையவருக்குப் பட்டாவும், சிட்டாவும், அடங்கலும் எவ்வளவு இன்றியமையாதனவோ, இந்நாளில் கடவுச்சொல்லும் அவ்வளவு இன்றியமையாததாகிவிட்டது. அதைத் தாசில்தார் முத்திரையிட்டுக் கொடுப்பதில்லை. பத்திர எழுத்தரிடம் அதற்குப் படிவம் கிடைப்பதுமில்லை. ஆயினும் பாங்கிலுள்ள பணத்தை அனுப்புவதற்கும், சர்க்கார் உதவித் தொகைக்குப் பதிவு செய்வதற்கும், பட்டா மாறுதலுக்கு மனுச் செய்வதற்கும், பயிர்க் காப்பீட்டின் நிலையை அறிவதற்கும் இணையத்தின் வாயிலில் நம்மை இன்னார் என்று அடையாளம் காட்டுவது அதுவேயாகும்.

திருவண்ணாமலை ஜில்லாவில் ஐந்து ஏக்கர் நெல்லும் மணிலாக்கொட்டையும் பயிரிடும் ஒரு குடியானவர், தம்மிடமுள்ள இரகசிய எண்களையும் சொற்களையும் எண்ணிப் பார்ப்பாராக. பாங்கு அட்டையின் பின் நம்பர் ஒன்று. கைப்பேசியில் பணம் அனுப்பும் யு.பி.ஐ. எண் ஒன்று, கைப்பேசியைத் திறக்கும் எண் ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, பாங்குச் செயலிக்கு ஒன்று, சர்க்கார் இணையதளங்களுக்கு ஒன்றிரண்டு, கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் கட்டணக் கணக்குக்கு ஒன்று. இவற்றையெல்லாம் செவ்வையாகக் காப்பதும், வேண்டும்போது நினைவுக்குக் கொண்டுவருவதும் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2020-ஆம் ஆண்டு புகட்டிய பாடம்

பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரி 24-இல் தொடங்கப்பெற்றது. நிலமுடைய குடியானவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை, மும்முறை 2,000 ரூபாயாக, நேரே பாங்குக் கணக்கில் செலுத்துவது அதன் நோக்கம். 2020-ஆம் ஆண்டில், கொரோனாக் கட்டுப்பாடுகள் நிலவிய மாதங்களில், தமிழ்நாட்டில் தகுதியற்ற ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இத்திட்டத்தில் நுழைக்கப்பட்டதும், ஏறக்குறைய 110 கோடி ரூபாய் அவர்கள் கணக்குகளுக்குப் போனதும் வெளிப்பட்டன. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய ஜில்லாக்களோடு நமது திருவண்ணாமலை ஜில்லாவும் இதில் அகப்பட்டது. பதின்மூன்று ஜில்லாக்களில் வழக்குகள் பதிவாயின.

இம்மோசடி நடந்த விதத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். விண்ணப்பங்களைச் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பதற்காக உத்தியோகஸ்தர்களுக்குத் தனித்தனியே நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் வழங்கப்பட்டிருந்தன. அவை ஒப்பந்தப் பணியாளர் கைக்குச் சென்று, அவர்கள் வழியே தரகர் கைக்கும் சென்றன. அதன்பின் நிலமில்லாதவரும் நிலமுடையவராகக் கணினியில் பதிவாவது எளிதாயிற்று. ஒப்பந்தப் பணியாளர் பலர் நீக்கப்பட்டனர், பலர் கைதாயினர், உத்தியோகஸ்தர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது, கடவுச்சொல்லைப் பொறுப்பின்றிக் கையாண்டமைக்காகவே சிலர் தற்காலிகப் பணிநீக்கம் பெற்றனர். போன பணத்தைத் திரும்பப் பெறுவதற்குப் பாங்குக் கணக்குகளை முடக்கவும், வீடு வீடாகச் சென்று கேட்கவும் நேர்ந்தது.

இதனோடு வேறொரு நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023 பிப்ரவரி 12-ஆம் தேதி விடியற்காலையில், திருவண்ணாமலை நகரிலும் போளூரிலும் கலசபாக்கத்திலுமாக நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களைக் கொள்ளையர் வாயுச் சுடரால் அறுத்து, 70 லட்சத்துக்கு மேற்பட்ட ரூபாயைக் கொண்டு சென்றனர். அவர்களுக்கு வண்டியும், கருவியும், இருளும் வேண்டியிருந்தன. 110 கோடி ரூபாய் போனதற்கோ ஒரு பூட்டும் உடைக்கப்படவில்லை. சாவியைக் கையில் வைத்திருந்தவரே கொடுத்தார், அவ்வளவுதான்.

கடவுச்சொல் கையொப்பமே

கர்ணமும் மணியக்காரரும் கணக்கெழுதிய காலத்தில், ஏட்டில் உள்ள எழுத்தைப் பார்த்தே இன்னார் எழுதியது என்று ஊரார் சொல்லிவிடுவர். அந்தப் பரம்பரை உத்தியோகங்கள் 1980-இல் நீக்கப்பட்டன. அதற்குப்பின் கணக்குகளும் படிப்படியாகக் கணினிக்கு மாறின. கணினிக்கு எழுத்தின் சாயல் தெரியாது; முகத்தாட்சணியமும் கிடையாது. சரியான கடவுச்சொல்லை எவர் இட்டாலும், அதற்குரியவரே வந்தார் என்று அது கொள்ளும். ஆகையால் கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லுவதும், வெற்றுக் காகிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுப்பதும் ஒன்றே.

சட்டமும் இவ்வாறே கருதுகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு, பிறருடைய மின்னணுக் கையொப்பத்தையும் கடவுச்சொல்லையும் ஒரே வரிசையில் வைத்து, அவற்றை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

அது பிறர் கைக்குப் போகும் வழிகள்

முதலாவது, நாமே கொடுத்துவிடுதல். கண் தெரியவில்லை என்றோ, ஆங்கிலம் வாசிக்க வரவில்லை என்றோ அட்டையையும் எண்ணையும் பிறரிடம் ஒப்படைப்பது நம் ஊர்களில் சாதாரண வழக்கமாயிருக்கிறது. உதவி பெறுவதில் பிழையில்லை. ஆனால் இரகசிய எண்ணை இடும் அந்தக் கணத்தில் கைப்பேசி நம் கையில் இருக்க வேண்டும். விரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, எளிதில் ஊகிக்கத்தக்க சொல். 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராக்யூ என்னும் நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் கடவுச்சொற்கள் களவு போயின. அவற்றை ஆராய்ந்தவர்கள், மிகுதியான பேர் வைத்திருந்த கடவுச்சொல் 123456 என்று கண்டனர். நமது ஊரிலும் மனம் இவ்வாறே பழகிய தடத்தில் செல்லும். அண்ணாமலை, அருணாசலம், தீபம், கிரிவலம் ஆகிய பெயர்கள் நம் நாவில் எப்போதும் இருப்பவை. அவற்றின் பின்னே 123 என்று சேர்த்துக் கடவுச்சொல்லாக்கிவிட்டால், திருடன் முதலில் முயல்வதும் அதுவாகவே இருக்கும். பிள்ளையின் பெயர், டிராக்டரின் எண், பிறந்த ஆண்டு ஆகியவையும் இத்தகையனவே. நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள் உண்டு. ஆனால் பிறந்த ஆண்டை வைப்பவர் ஏறக்குறைய நூற்றுக்குள் அடங்கிவிடுகிறார்.

மூன்றாவது, ஒரே சொல்லை எல்லா இடத்திலும் வைத்தல். களஞ்சியத்துக்கும், பம்பு செட்டு அறைக்கும், நகைப் பெட்டிக்கும் ஒரே சாவியை ஒருவரும் வைப்பதில்லை. இணையத்திலோ பெரும்பாலோர் அவ்வாறே செய்கின்றனர். எங்கோ ஒரு சிறு வியாபாரத் தளத்தில் களவுபோன சொல்லை, திருடர்கள் மின்னஞ்சலிலும் பாங்கிலும் போட்டுப் பார்க்கின்றனர். இது புதிய அபாயமன்று. கடவுச்சொல் கணினிக்கு வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பவர் தலைமையில் அமைந்த இயந்திரத்திலாகும். 1962-இலேயே அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியலை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். நாம் எவ்வளவு கவனமாயிருப்பினும், மறுமுனையில் இருப்பவர் கோட்டைவிடலாம் என்பதை மறக்கலாகாது.

நான்காவது, வஞ்சகமான அழைப்பு. பாங்கிலிருந்து பேசுவதாகவும், கிசான் தவணை நின்றுவிட்டதாகவும் கூறி, கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்பர். கிசான் திட்டத்தின் பெயரால் போலிச் செயலிகளும் வாட்ஸ்ஆப் வழியே உலாவியதுண்டு. அவற்றை ஏற்றினால், வரும் குறுஞ்செய்திகளைத் திருடன் இருந்த இடத்திலிருந்தே வாசித்துவிடுவான். ஓ.டி.பி. என்பது ஒருமுறை மட்டும் செல்லும் கடவுச்சொல். அதைக் கேட்கும் உரிமை பாங்கு மானேஜருக்கும் கிடையாது. மற்றொன்றையும் மனத்திற் கொள்க: பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. எண்ணை இட வேண்டுவதேயில்லை. அனுப்புவதற்கே இட வேண்டும்.

குடவோலை முறையில் கடவுச்சொல்

நல்ல கடவுச்சொல் நீளமாகவும், ஒருவராலும் ஊகிக்க முடியாததாகவும், நமக்கு நினைவில் நிற்பதாகவும் இருத்தல் வேண்டும். எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, அடிக்கடி மாற்ற வேண்டும் என்று அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2003-இல் அறிவுரை வெளியிட்டது; உலகெங்கும் அதைப் பின்பற்றினர். மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டி மாற்றிவந்தனர். ஆகவே 2017-இல் அதே நிறுவனம், நீளமே முக்கியம் என்றும், களவு போனதாக ஐயம் தோன்றினால் மாற்றினால் போதும் என்றும் திருத்திக்கொண்டது.

வந்தவாசிக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச்சபைக்கு உரியவர்களைத் தேர்ந்த முறை கல்வெட்டில் இருக்கிறது. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். எவருடைய விருப்பும் வெறுப்பும் அதில் நுழைய இடமில்லை. கடவுச்சொல்லையும் இவ்வாறே எடுக்கலாம்.

வீட்டிலுள்ள பிள்ளைகளை உட்காரவைத்து 200 சீட்டுகளில் 200 சொற்களை எழுதச் செய்க. உழவுக் கருவி, பறவை, மரம், பாத்திரம், தின்பண்டம் என எளிய சொற்களாக இருக்கட்டும். அவற்றைக் குடத்திலிட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குக. இவ்வாறு ஆறு முறை எடுத்தால் ஆறு சொற்கள் கிடைக்கும். இப்படி அமையக்கூடிய தொடர்களின் தொகை 64 லட்சம் கோடியாகும். சிறிய ஆங்கில எழுத்துக்கள் எட்டினால் அமையக்கூடியவை ஏறக்குறைய 20,900 கோடியே. ஆகவே நினைவில் நிற்காத எட்டு எழுத்தைவிட, நினைவில் நிற்கும் ஆறு சொற்கள் பன்மடங்கு வலியன. பிடித்தமில்லை என்று ஒரு சீட்டைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுக்கலாகாது. மனம் தெரிந்தெடுத்ததைத் திருடனும் ஊகிக்கலாம். குடம் தெரிந்தெடுத்ததை ஊகிக்க முடியாது.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டும்போது, ழகர ளகரங்களைப் பலவாறு எழுதுவது வழக்கமாதலால், அத்தகைய சொற்களைச் சீட்டில் எழுதாதிருப்பது நலம். சில தளங்கள் இத்தனை எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை. அங்கே ஒவ்வொரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்து, முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, சீட்டில் எடுத்த இரண்டு இலக்கங்களையும் ஒரு குறியையும் இறுதியில் சேர்க்கலாம். நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் நம்பரையும், பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்துச் சீட்டுகளைக் கொண்டு இவ்வாறே எடுக்கலாம்.

நினைவில் இருத்தும் வகை

எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல்வது வீண். மனத்தில் இருக்க வேண்டியவை மூன்று: கைப்பேசியைத் திறக்கும் எண், பணம் அனுப்பும் எண், மின்னஞ்சலின் கடவுச்சொல். மின்னஞ்சலைச் சேர்த்ததற்குக் காரணமுண்டு. மற்றக் கணக்குகளில் கடவுச்சொல் மறந்தால், புதிது வைப்பதற்கான வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வருகிறது. ஆகவே அதைப் பிடித்தவன் மற்றவற்றையும் பிடித்துவிடுவான்.

குடத்திலிருந்து நாரை, உப்பு, கலப்பை, குடை, மத்தளம், பனை என்று வந்ததாகக் கொள்வோம். நாரையொன்று உப்பு மூட்டையோடு கலப்பைமேல் அமர்ந்து, குடை பிடித்து, மத்தளம் கொட்டிக்கொண்டு பனையைச் சுற்றி வந்தது என்று ஒரு கதை கட்டிக்கொண்டால், சொல்லும் மறவாது, வரிசையும் தவறாது. கதை எவ்வளவு விபரீதமோ அவ்வளவு நன்று. இங்கே அச்சான இத்தொடரை மட்டும் ஒருவரும் வைத்துக்கொள்ளலாகாது.

கட்டிய கதையைப் பின்னர் மனத்திற்குள்ளேயே சொல்லிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் காலையும் மாலையும், அடுத்த வாரம் நாளைக்கொரு முறை, பின்னர் வாரத்துக்கொரு முறை போதும். போனோ, ஷெக்டர் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2014-இல் வெளியிட்ட சோதனையில், குருட்டாம்போக்கில் எடுத்த இரகசியத்தைச் சிறு பகுதிகளாக, இடைவிட்டு இடைவிட்டுப் பழக்கியபோது, பெரும்பாலோர் அதைப் பிழையின்றி நினைவில் வைத்தனர். இளம் பிள்ளைகள் வாய்ப்பாடு கற்பதும் இவ்வாறன்றோ?

எழுதி வைக்கலாமா?

மனத்தில் இருத்திய மூன்று போக, மற்றவற்றை எழுதி வைக்கலாம். கடல் கடந்த திருடன் இணையத்தின் வழியே நம் பெட்டியிலுள்ள நோட்டுப் புத்தகத்தை வாசிக்க முடியாது. எழுத மாட்டேன் என்று எல்லாக் கணக்குக்கும் ஒரே எளிய சொல்லை வைப்பதைக் காட்டிலும், வலிய சொற்களை எழுதிப் பத்திரங்களோடு பூட்டி வைப்பது மேல். ஆனால் சில விதிகள் உண்டு.

பாங்கு அட்டையின் எண்ணையும் யு.பி.ஐ. எண்ணையும் அதில் எழுதலாகாது. அட்டையின் உறையிலும், கைப்பேசியின் பின்புறத்திலும், சுவரிலுள்ள நாட்காட்டியிலும் எதையும் எழுதலாகாது. நோட்டுப் புத்தகத்தைப் படம் பிடித்துக் கைப்பேசியில் வைக்கலாகாது. அது இருக்குமிடத்தைக் குடும்பத்தில் நம்பத்தக்க ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்க வேண்டும். குடும்பத் தலைவர் திடீரென நோய்வாய்ப்பட்டால், எந்தெந்தக் கணக்குகள் உள்ளன என்பதையேனும் அவர் அறிந்திருப்பார். ஒவ்வொரு பாங்குக் கணக்குக்கும் நியமனதாரர் பெயர் கொடுத்திருப்பதும் அவசியம். கைப்பேசியில் நல்ல பழக்கமுள்ளவர்கள், கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகச் செயலியைப் பயன்படுத்தலாம். அதற்குரிய ஒரு சொல்லை மட்டும் குடவோலை முறையில் எடுத்து மனத்தில் வைத்தால் போதும்.

தீபத்திருநாளும் கைப்பேசியும்

கார்த்திகைத் தீபத்துக்கு நம் நகரில் லட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பௌர்ணமிதோறும் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைகிறது. அந்நெரிசலில் கைப்பேசி தவறுவது இயல்பு. ஓ.டி.பி. யாவும் அதற்கே வருவதால், கைப்பேசி போவது சாவிக்கொத்துப் போவதற்கு ஒப்பாகும்.

ஆகையால் புறப்படுமுன் மூன்று காரியங்களைச் செய்துகொள்க. கைப்பேசி எண்ணின்றித் திறக்காதபடி பூட்டுக. பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் வாசகம் தோன்றாதபடி அமைத்துக்கொள்க. *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணை வீட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்க. கைப்பேசி தவறிவிட்டால், அன்றே சிம் அட்டையைத் தடுக்குமாறு கம்பெனிக்கும், கணக்கை நிறுத்துமாறு பாங்குக்கும் தெரிவித்து, போலீசில் புகார் கொடுக்க வேண்டும். மத்திய சர்க்கார் 2023-இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த 15 இலக்க எண்ணைக் கொடுத்து, கைப்பேசியையே செயலிழக்கச் செய்யலாம்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைப்பதே பெரு நஷ்டத்துக்குக் காரணம். உடனே 1930 என்னும் எண்ணில் புகார் கூற வேண்டும்; பணம் கைமாறிச் செல்லுமுன் வழியிலேயே அதை நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் மிகுதி. ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, பாங்கின்மீதும் வாடிக்கையாளர்மீதும் தவறின்றி மூன்றாமவரால் நேர்ந்த நஷ்டத்தை, செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவர் ஏற்க வேண்டுவதில்லை என்று வகுத்தது. தாமே இரகசியத்தைச் சொல்லியிருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரையுள்ள நஷ்டம் அவரையே சாரும் என்றும், தெரிவித்த பின் நேர்வது பாங்கைச் சாரும் என்றும் அதில் கண்டது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலையுண்டு என்பது இதனால் விளங்கும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை

கிராம நிர்வாக அலுவலரும், உதவி வேளாண்மை அலுவலரும், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசியும் தம் கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடுப்பது பெரும்பாலும் பேராசையால் அன்று. வேலை மிகுதி, ஆள் குறைவு, இணையம் மந்தம், தவணைத் தேதி நெருக்கம் ஆகியவற்றால், பக்கத்திலிருக்கும் பையனிடம் “நீயே போட்டுவிடு” என்று சொல்ல நேர்கிறது. 2020-இல் திறந்த கதவும் இத்தகையதே. உதவியாளர் வேண்டுமாயின், அவர் பெயரில் குறைந்த அதிகாரமுள்ள தனி நுழைவைப் பெறுமாறு மேலதிகாரிக்கு எழுதுவதே முறை. பதிவு அவர் செய்யட்டும். ஒப்புதல் தம் கையாலேயே நடக்கட்டும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லைச் சேமிக்காமலும், எழுந்து செல்லுமுன் வெளியேறியும் வர வேண்டும். மாற்றலாகிச் செல்லும் நாளில், கணக்குகளை ஒப்படைப்பதுபோல் பழைய நுழைவையும் மூடச் செய்ய வேண்டும். ஏனெனில் தகுதியற்ற ஒருவர் பெயர் ஏறும்போது, அதன் கீழே நிற்கும் ஒப்புதல் உத்தியோகஸ்தருடையதாகவே இருக்கும். விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

குடியானவர்கள் இம்மாதத்திற்குள் ஓர் ஓய்வான மாலையில், வீட்டிலுள்ளோருடன் அமர்ந்து தங்கள் கணக்குகளைப் பட்டியலிட்டு, மின்னஞ்சலுக்கும் பாங்குக்கும் முதலில் புதிய கடவுச்சொல் எடுத்துக்கொள்வார்களாக. மற்றவற்றை வாரத்துக்கு ஒன்றிரண்டாக மாற்றிவரலாம். இதற்கு வேண்டியவை இருநூறு சீட்டும் ஒரு குடமுமேயாகும். வரப்பைக் காப்பவரே நிலத்தைக் காப்பவர். இந்நாளில் அவ்வரப்பின் ஒரு பகுதி கைப்பேசிக்குள்ளும் செல்லுகிறது. அதையும் உடையவரே காத்தல் வேண்டும்.